கறுப்புக் கோட்டில் முயல் ரோமம்

கோட்டக்காவுக்குக் கோபம் வந்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மாடிப்படி ஏறும்போதே காது சொல்லிவிடும். சாதாரண நாட்களில் அவளுடைய தையல் இயந்திரம் சீராக ஓடும். கோபமான நாட்களில் ஓடும், நிற்கும், பிறகு யாரையோ துரத்திக்கொண்டு போவதுபோல் ஒரேயடியாகப் பாயும். மருந்துக் கடைக்கு மேலே இருந்த அந்த மாடி வீட்டுக்கு அளவு கொடுக்க வரும் வக்கீல்கள் படியிலேயே நின்று கேட்டுவிட்டு, சத்தம் சரியில்லை என்றால் பூனை நடை போட்டுத் திரும்பிப் போய்விடுவதும் உண்டு.

வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைப்பதுதான் அவள் தொழில். வேறெதிலும் கை வைக்க மாட்டாள். இரண்டு தெரு தள்ளி நீதிமன்றம் இருந்ததால் வேலைக்குப் பஞ்சமில்லை. முன்னறையில் துணி வெட்டும் மேசை, இரண்டு இயந்திரங்கள், இஸ்திரிப் பெட்டி, தலையில்லாத ஒரு மர பொம்மை. பின்னால் ஒரு சின்ன அறை, சமையலறை, கம்பி போட்ட பால்கனி. வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர் அவளைவிட வயதில் மூத்தவர். அவரும் 'கோட்டக்கா' என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ள மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தம்பி படித்து முடிக்கட்டும் என்று ஒரு வருடம், அவனுக்கு ஒரு வேலை அமையட்டும் என்று இன்னொரு வருடம், அவனுக்கு முதலில் முடியட்டும் என்று பிறகு சில வருடங்கள். தள்ளிப்போய்த் தள்ளிப்போய் அந்தப் பேச்சே நின்றுபோனது. அம்மா செத்துப்போனபோது அவளிடம் விட்டுப்போனது ஒரு வாக்கியம் மட்டும்தான். "தம்பியப் பாத்துக்கடி."

அந்தத் தம்பி ஒருநாள் மத்தியானம் வாடகைக் காரில் வந்து இறங்கினான். ஒரு பெட்டி, ஒரு கூண்டு. கூண்டுக்குள் இரண்டு முயல்கள்.

"அவ எங்களத் துரத்திட்டாக்கா" என்றான்.

'எங்களை' என்றது தன்னையும் முயல்களையும் சேர்த்து. ஒன்று வெள்ளை, சின்னது, சோப்பு என்று பெயர். இன்னொன்று சாம்பல் நிறம், பெருத்த உடம்பு, அதன் பெயர் மூட்டை. இரண்டுக்கும் நீள ரோமம். கண்ணைக்கூட மறைத்துக்கொண்டு தொங்கியது.

"நீ வெளிய போ, இதுங்களத் தெருவுல விட்டாலும் விடுவேன், உங்கிட்ட தர மாட்டேன்னு சொன்னாக்கா. நான்தான் புடுங்கிட்டு வந்தேன். வாயில்லாத ஜீவன். எப்படி விட்டுட்டு வரது?" சொல்லிக்கொண்டே கூண்டை அக்காவின் முன்னால் நீட்டினான்.

கோட்டக்காவுக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது. தம்பி பெண்டாட்டி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறவள். அதிகம் பேச மாட்டாள். பேசாதவர்களைக் கோட்டக்கா எப்போதுமே நம்பியதில்லை. உடனே தொலைபேசியை எடுத்து வாய்க்கு வந்தபடி பேசினாள். கல் நெஞ்சக்காரி என்றாள், அடுத்தவன் உடம்பில் ரத்தம் எடுத்து எடுத்து உன் உடம்பில் ரத்தமே இல்லாமல் போய்விட்டது என்றாள். இன்னும் சொல்லக்கூடாத சிலவற்றையும் சொன்னாள். எதிர்முனையில் சத்தமே இல்லை. கடைசியில் ஒரு கேள்வி மட்டும் வந்தது.

"முயலுங்க சாப்பிடுதா, அண்ணி?"

என்ன திமிர் என்று கோட்டக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

தம்பி பின்னறையில் குடியேறினான். முயல்கள் பால்கனியில் குடியேறின. 'ஒரு வாரம்' என்று வந்தவன் அதைப் பற்றிப் பிறகு பேசவேயில்லை. மத்தியானம் எழுவான், குளிப்பான், வெளியே போவான். முயலுக்குப் புல் போடுவது, கூண்டைக் கழுவுவது எல்லாம் எப்படியோ கோட்டக்காவின் தலையில் வந்து உட்கார்ந்தன. சாயங்காலம் அவன் திரும்பி வந்ததும் சோப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் படம் எடுப்பான். 'என் செல்லங்கள்' என்று எழுதிப் போடுவான். எத்தனை பேர் இதயம் போட்டார்கள் என்று அக்காவிடம் வந்து காட்டுவான்.

"கூண்டக் கழுவினவளுக்கு யாராவது இதயம் போட்டாங்களா?" என்று அவள் கேட்பாள்.

அவன் சிரிப்பான். அவன் சிரித்தால் அம்மாவின் கன்னக்குழி தெரியும். அங்கேதான் கோட்டக்கா ஒவ்வொரு தடவையும் தோற்றுப்போவாள்.

பிறகு ரோமம் உதிரத் தொடங்கியது.

முதலில் மூலையில் ஒரு சின்ன உருண்டை. மறுநாள் மேசைக் காலடியில் இரண்டு. அப்புறம் எங்கே பார்த்தாலும் ரோமம். மின்விசிறியைப் போட்டால் எழுந்து பறந்தது, நிறுத்தினால் துணியின்மேல் வந்து படுத்தது. சோற்றில் இருந்தது, சோப்புக் கட்டியில் இருந்தது, இஸ்திரிப் பெட்டியின் அடியில் தீய்ந்து நாறியது. கறுப்புத் துணியில் வெள்ளை ரோமம் விழுந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தட்டினால் போகாது. துடைத்தால் இன்னும் ஆழமாக நெசவுக்குள் புகுந்துகொள்ளும்.

கோட்டக்காவிடம் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் ஒரு அம்மாள் இருந்தாள். பட்டன்காரம்மா என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவள் ஒரு கோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொன்னாள்: "கோட்டக்கா, இது கோட்டு இல்ல, முயலே எழுந்து நிக்குது. ரெண்டு காது மட்டும் வச்சுத் தச்சுட்டா போதும்."

"சிரிக்காத. வாயில ஊசி இருக்கு."

சிரிக்காத ஒருவர் அந்த வாரமே வந்தார். பெரிய வக்கீல், பழைய வாடிக்கை. புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வாதாடப் போனவரிடம் நீதிபதி கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "வீட்ல பூனை வளக்கறீங்களா?" என்று கேட்டாராம். கோர்ட்டே சிரித்ததாம்.

"என் வாழ்க்கையில நான் பூனைய தொட்டது கிடையாது!" என்று அவர் கத்தினார்.

"பூனை இல்லைங்க, முயல்" என்றாள் கோட்டக்கா. அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது. கோட்டைச் சுருட்டி மேசைமேல் எறிந்துவிட்டுப் போனவர் அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போய்விட்டார்.

அன்று அவள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, இதுங்களுக்கு ஒரு சீப்பு கிடையாதா? வாரிவிடக் கூடாதா?"

"இயற்கைக்கா. பழைய முடி போய்ப் புது முடி வரும். அதுவா உதிர்ந்து அதுவா நின்னுடும். நீ ஏன் டென்ஷன் ஆகற?"

"நான் டென்ஷன் ஆகலன்னா சோறு எங்கிருந்துடா வரும்?"

அவன் கன்னக்குழியைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டான். இயந்திரம் அன்று ஓடிய ஓட்டத்தில் கீழே மருந்துக் கடைக்காரர் மேலே நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

முயல்கள்மேலும் அவளுக்குக் கோபம்தான். மூட்டைக்கும் அவளைக் கண்டால் ஆகாது. பக்கத்தில் போனால் பின்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு அறை அறையும். ஒரு முயலிடமிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று நம்ப முடியாது. "என் வீட்ல இருந்துக்கிட்டு எங்கிட்டயே காலத் தட்றியா?" என்று அவளும் விடாமல் சண்டை போடுவாள். சோப்பு சாது. ஒரு மூலையில் உட்கார்ந்து தன்னைத் தானே நக்கிக்கொண்டே இருக்கும்.

அப்படி நக்கியதில்தான் வினை இருந்தது. ஒருநாள் காலையில் கோட்டக்கா கூண்டைக் கழுவப் போனபோது, முதல் நாள் போட்ட புல் போட்டபடியே கிடந்தது. சோப்பு முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தரையில் கிடந்த புழுக்கைகள் தனித்தனியாக இல்லை. ரோமத்தில் கோத்த மணிபோல ஒன்றோடொன்று தொடுத்துக் கிடந்தன.

தம்பியை எழுப்பினாள். அவன் போர்வைக்குள்ளிருந்தே, "நாளைக்குப் பாக்கலாம்கா, இன்னைக்கு ஒருத்தர பாக்கப் போகணும்" என்றான்.

கோட்டு வைக்கும் அட்டைப் பெட்டியில் துண்டை விரித்து, சோப்பை உள்ளே வைத்து, ஓட்டை போட்டு மூடித் தூக்கிக்கொண்டு கோட்டக்கா பேருந்தில் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அடுத்த நிறுத்தத்திலேயே எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

விலங்கு டாக்டரம்மா கண்டிப்பானவள். சோப்பின் வயிற்றை விரல்களால் மெல்ல அமுக்கிப் பார்த்தாள். முதுகில் கையை ஓட்டினாள். ஒரு பிடி ரோமம் அப்படியே கையோடு வந்தது. அதைக் கோட்டக்காவின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"இது என்னம்மா?"

"முடி."

"இது உங்க கையில வந்திருக்கணும். வராததால இது வயித்துக்குள்ள போயிருக்கு. பூனைன்னா வாந்தி எடுத்துடும். முயலுக்கு வாந்தியே வராது, தெரியுமா? உள்ள போனது கீழ் வழியாதான் போகணும். போக முடியாம அடைச்சா செத்துப்போயிடும். வளக்க ஆசை இருக்கு, வாரிவிட மட்டும் கை வரலையா?"

என் முயல் இல்லை என்று சொல்லக் கோட்டக்கா வாயைத் திறந்தாள். பெட்டிக்குள்ளிருந்து சோப்பு அவளைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டாள். பிறத்தியாருக்கு விழ வேண்டிய திட்டை நின்று வாங்கிக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் சூடு வைத்ததுபோல் இறங்கியது.

ஊசி போட்டார்கள். வயிறு அசைய மருந்து கொடுத்தார்கள். கூழாகக் கரைத்த தீவனத்தை வாயின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னார்கள். சீவும் முறையையும் டாக்டரம்மா அவளை உட்காரவைத்துக் காட்டிக்கொடுத்தாள். குளிப்பாட்டக் கூடாது. மல்லாத்தவே கூடாது. தூக்கும்போது அடியில் கை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உதைக்கிற உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும். மடியில் வைத்து, முதலில் கையை லேசாக ஈரமாக்கித் தடவ வேண்டும். பிறகு மெல்லிய சீப்பு. தோல் காகிதம் போன்றது, கிழிந்துவிடும். சிக்கு இருந்தால் இழுக்காமல் விரலால் பிரிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியை நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு கேட்டாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, பொழச்சுடுச்சுல்ல?" என்றான்.

அன்றிலிருந்து சீவுவது அவள் வேலை ஆனது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கறுப்புத் துணிகளையெல்லாம் போர்வையால் மூடிவிட்டு, பால்கனியில் உட்காருவாள். சோப்பை மடியில் வைத்துக் கழுத்திலிருந்து பின்பக்கமாகத் தடவுவாள். ஈரக் கையில் ரோமம் திரிதிரியாக ஒட்டிக்கொண்டு வரும். விலாவில் ஒரு இடத்தில் தொட்டால் ஒரு கொத்து தானாகவே கழன்று வரும், அடியில் புது ரோமம் வழுவழுவென்று மின்னும். பழையதைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் இது எவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறது என்று அவளுக்கு அந்த முயல்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. மூட்டைதான் முரடு. முதல் நாள் இரண்டு இழுப்பு, ஒரு கடி. மறுநாள் மூன்று இழுப்பு, ஒரு உதை. ஒரு வாரம் போன பிறகு, வாலுக்கு மேலே சீப்பு பட்டபோது அது பல்லை மெல்ல நறநறத்துக்கொண்டு கண்ணை மூடியது. கோட்டக்கா கையை எடுத்தாள். அது தலையால் அவள் கையை முட்டி, சீவு என்றது.

"அதிகாரத்தப் பாரு" என்றாள். சொல்லிவிட்டுச் சீவினாள். சீவும்போது இயந்திரத்தைப் பாயவைக்கும் கோபம் தனக்குள் தணிந்திருப்பதைக் கவனித்து, அதற்கும் கொஞ்சம் எரிச்சல்பட்டாள்.

அப்படிச் சீவிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் கதவு தட்டப்பட்டது. பட்டன்காரம்மா திறந்தாள். வாசலில் தம்பி பெண்டாட்டி நின்றாள். வேலைக்குப் போடும் வெள்ளை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஒரு துணிப்பை.

கோட்டக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்த? அவன் வீட்ல இல்ல. போ."

"அவரப் பாக்க வரல அண்ணி. அவர் இல்லாத நேரமாப் பாத்துதான் வந்தேன்." அவள் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே இரண்டு சீப்புகள், ஒரு மென்மையான பிரஷ், ஒரு கட்டு காய்ந்த புல். "அவர் போடற படத்தப் பாத்தேன். சோப்பு விலாவுல முடி கொத்துக் கொத்தாத் தொங்குது. யாரும் சீவலன்னு தெரிஞ்சுது. சீவலன்னா வயித்துக்குள்ள போயிடும். ஒரு தடவ சீவி விட்டுட்டுப் போயிடறேன். உங்ககிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"இப்ப வந்து பாசம் காட்றியா? தெருவுல விடறேன்னு சொன்னவதானே நீ?"

அவள் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. "நானா?"

அதற்குள் மூட்டை கோட்டக்காவின் மடியிலிருந்து நழுவிக் குதித்தது. முன்னறைக்கு ஓடியது. யாரைக் கண்டாலும் காலைத் தரையில் அறைகிற முயல், வந்தவளின் பாதத்தைச் சுற்றி இரண்டு வட்டம் ஓடி, தாடையை அவள் கால்விரல்மேல் வைத்துப் படுத்துக்கொண்டது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கை மட்டும் அதன் காதுகளுக்கு நடுவே போய் நின்றது.

பட்டன்காரம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அவர் போகும்போது நான் வேலையில இருந்தேன், அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி. "வந்து பாத்தா பால்கனி காலியா இருந்துது. அவர் போனது எனக்குப் பெருசாப் படல. நாங்க பிரியறதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சதுதான். இதுங்க எங்கன்னு கேட்டு ஃபோன் பண்ணா எடுக்கல. குட்டியா இருந்ததுலேந்து நான் வளத்தது. அவர் ஒருநாள் தொட்டது கிடையாது. முடி உதிர்ந்தா மூக்கு அடைக்குதுன்னு சண்டை போடுவார்."

"அப்புறம் எதுக்குடி தூக்கிட்டு வந்தான்?"

"நான் அழணும்னு."

கோட்டக்காவால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில், "வந்தது வந்துட்ட. சோப்ப நீ எடு. இந்தப் பக்கம் சிக்கு இருக்கு, எனக்கு வரல" என்றாள்.

இரண்டு பேரும் பால்கனியில் எதிரெதிரே உட்கார்ந்து சீவினார்கள். தம்பி பெண்டாட்டியின் விரல்கள் சிக்கைப் பிரிக்கிற விதத்தில் ஊசி போட்டுப் பழகிய நிதானம் இருந்தது. ரோமம் இருவருக்கும் நடுவில் சின்னக் குவியலாக ஏறியது.

அன்று பார்த்துத் தம்பி சீக்கிரம் வந்துவிட்டான்.

"இவள யாரு உள்ள விட்டது?"

"நான்தான்" என்றாள் கோட்டக்கா.

"யாரக் கேட்டு?"

அவள் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். தன் மேசை, தன் இயந்திரங்கள், தன் பால்கனி. "என் வீட்டுக்குள்ள யார விடணும்னு நான் யாரடா கேக்கணும்?"

"அக்கா, நீ இதுல தலையிடாத. இது எங்க ரெண்டு பேருக்குள்ள." அவன் குனிந்து, மனைவியின் மடியிலிருந்த சோப்பைக் கழுத்துத் தோலில் பிடித்து ஒரு கையால் தூக்கினான். முயல் அந்தரத்தில் உதைத்தது.

"அடியில கையக் குடு!" இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"என் முயல், எப்படி வேணா புடிப்பேன். தெருவுல விட்டாலும் விடுவேன், இவகிட்ட தர மாட்டேன்."

பட்டன்காரம்மாவே நிமிர்ந்து பார்த்தாள்.

"இத நான் முன்னாடியே கேட்டிருக்கேன்டா" என்றாள் கோட்டக்கா. "நீ வந்த அன்னைக்கு. அவ சொன்னதாச் சொன்ன."

அவன் கொஞ்சம் தடுமாறினான். பிறகு சிரித்தான். கன்னக்குழி விழுந்தது. "சரி, அதுக்கு இப்ப என்ன? அவளும் கொஞ்சம் அழட்டுமே. நீ எனக்கு அக்காவா, அவளுக்கு அக்காவா?"

கோட்டக்காவுக்கு ஒரு சைக்கிள் ஞாபகம் வந்தது. முதல் முதல் தைத்துச் சேர்த்த காசில் வாங்கிய பச்சைச் சைக்கிள். தம்பி அழுது அடம்பிடித்தான், அம்மா விட்டுக்கொடுக்கச் சொன்னாள், கொடுத்தாள். அவன் அதை ஒருநாள்கூட ஓட்டவில்லை. வீட்டுக்குப் பின்னால் மழையில் நின்று துருப்பிடித்தது. சின்னப் பையன், ஆசைப்பட்டான், அலுத்துப்போய்விட்டது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். அவனுக்குச் சைக்கிள்மேல் ஆசையே இருந்ததில்லை. அவள் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான்.

இயந்திரத்தை விரட்டுகிற கோபம் இல்லை இது. குரல் ஏறவில்லை. எழுந்து போய் ஒரு கையை முயலின் அடியில் கொடுத்து, இன்னொரு கையால் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், சிக்கைப் பிரிப்பதுபோல. சோப்பு அவள் மார்போடு ஒட்டிக்கொண்டது. உதைத்த உதையில் அவன் மணிக்கட்டில் நகக் கீறல் விழுந்திருந்தது.

"ரத்தம் வருது பாரு" என்று கையை நீட்டினான். அவனுக்கு எங்கே கீறினாலும் பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தவள் அவள்.

"மருந்துக் கடை கீழதான் இருக்கு. போய் வாங்கிக்க" என்றாள். "போகும்போது உன் பெட்டியையும் எடுத்துக்க."

"அக்கா!"

"முயலுங்க அவளோட போகுது. நீ எங்க வேணா போ."

"அம்மா சாகும்போது உங்கிட்ட என்ன சொன்னா?"

"பாத்துக்கச் சொன்னா. பாத்துக்கிட்டேன். பாத்துப் பாத்து உன்ன என்னவா ஆக்கி வச்சிருக்கேன்னு இன்னைக்குதான் பாக்கறேன்."

அவன் கத்தினான், கெஞ்சினான், மறுபடி கத்தினான். பெட்டியில் துணியைத் திணித்தான். ஒரு பேண்ட் முழுக்க ரோமமாக இருந்தது. அதை அவள் முகத்துக்கு நேரே உதறிக்காட்டினான். "இந்தப் படியில இனிமே காலே வைக்க மாட்டேன்" என்றான்.

"செருப்ப மறந்துடாத" என்றாள்.

சாயங்காலம் தம்பி பெண்டாட்டி கூண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். கோட்டக்கா கூடவே தெருமுனை வரை போய், வாடகைக் காரில் கூண்டைச் சாயாமல் வைத்தாள். மூட்டை கம்பிக்குள்ளிருந்து மூக்கை ஆட்டியது.

அதற்குப் பிறகு உறவுக்காரர்களின் தொலைபேசிகள் வந்தன. சித்தி ஒருத்தி, "கேவலம் ஒரு முயலுக்காகக் கூடப்பிறந்தவன வெளிய தள்ளினவன்னு உன்னப் பேசறாங்கடி" என்றாள்.

"முயலுக்காக இல்ல சித்தி" என்று ஆரம்பித்த கோட்டக்கா, விளக்கம் சொல்லி மாளாது என்று நிறுத்திக்கொண்டாள். "சரி, முயலுக்காகன்னே வச்சுக்கங்க. அதுங்க சாப்பிட்ட சோத்துக்கு நன்றியா மடியிலயாவது உக்காந்துது."

வீடு சுத்தமானது. கோட்டுகள் கறுப்பாகவே இருந்தன. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது. அதற்காகவும் கோபப்பட்டாள். காலியான பால்கனியைப் பார்த்து எரிந்து விழுந்தாள், நூல் அறுந்ததற்குப் பட்டன்காரம்மாவைத் திட்டினாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பட்டன்காரம்மா, "போய்ப் பாத்துட்டுதான் வாயேன். கோட்டு என்ன, கால் மொளச்சு ஓடியா போகும்?" என்றாள்.

கோட்டக்கா அன்று முதல் முறையாகக் கோட்டு அல்லாத ஒன்றைத் தைத்தாள். மழைக்கோட்டுத் துணியில் ஒரு மடி அங்கி. ரோமம் ஒட்டாமல் வழுக்கிக் கீழே விழும், நகம் கிழிக்காது. கழுத்தில் மாட்ட ஒரு வார், இடுப்பில் முடிய இரண்டு. அதைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போனாள்.

தம்பி பெண்டாட்டியின் வீடு ஒரு பெரிய கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில் இருந்தது. அங்கியை வாங்கிப் பார்த்தவள், உடனே கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு ஃபோன்ல நான் பேசினது" என்றாள் கோட்டக்கா.

"விடுங்க, அண்ணி."

"விட மாட்டேன். தப்புதான். விசாரிக்காமப் பேசிட்டேன். ஆனா நீயும் ஏன்டி வாய மூடிட்டு இருந்த? திருப்பி நாலு கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"கேட்டிருப்பேன்" என்றாள் அவள். "முயலுங்க உங்க வீட்டுலல்ல இருந்துது."

கோட்டக்கா கையை நீட்டி, கோபமாகவே, "சீப்பக் குடு" என்றாள்.

அதற்கப்புறம் வாரத்தில் ஒருநாள் போவது வழக்கமாகிவிட்டது. மூட்டை கோட்டக்காவின் பங்கு, சோப்பு தம்பி பெண்டாட்டியுடையது. சிக்கை எப்படிப் பிரிப்பது, புல் எவ்வளவு போடுவது என்று இருவரும் ஓயாமல் சண்டை போட்டார்கள். பேசாதவள் என்று கோட்டக்கா நினைத்திருந்தவள் சண்டையில் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்கவில்லை. அது கோட்டக்காவுக்குப் பிடித்திருந்தது.

அப்படி ஒருநாள் சீவிக்கொண்டிருந்தபோது கோட்டக்காவின் தொலைபேசி அடித்தது. தரையில் கிடந்ததை எட்டிப் பார்த்தாள்.

"யாரு அண்ணி?"

"அவன்தான்."

அது அடித்துக்கொண்டே இருந்தது. மூட்டை காதை ஒரு தடவை திருப்பிவிட்டு மறுபடி சாய்ந்துகொண்டது.

"எடுக்கலையா?"

"கை ஈரமா இருக்கு" என்றாள் கோட்டக்கா. வாலுக்கு மேலே கழன்று நின்ற ஒரு கொத்தை இரண்டு விரலால் மெல்லப் பற்றினாள்.